தாலுகா ஜபம்

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்தது கச்சேரியில் வைத்து. கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி இல்லை, திருவிதாங்கூர் சர்க்கார் கச்சேரி. அங்கே நிலவரிப் பிரிவில் அவர் குமாஸ்தா. ஒரு பழைய காகிதக் கட்டை எடுக்க அலமாரியின் மேல்தட்டுக்குக் கையை நீட்டியவர், நீட்டிய கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். கூட வேலை பார்த்த இரண்டு பேர் அவரைக் குதிரை வண்டியில் ஏற்றி திருவனந்தபுரம் வலியசாலையில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நான் வாசலுக்கு ஓடினேன். வண்டியை விட்டு இறங்கும்போதே, "ஒண்ணுமில்லைடி, வெறும் வாயு" என்றார். முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தது. எங்கள் தெருவில் எந்த நோய் வந்தாலும் முதல் இரண்டு நாள் அதற்கு வாயு என்றுதான் பெயர்.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்க இன்னும் ஒன்றிரண்டு வருஷம் இருந்தது. அவருக்கு நாற்பத்தாறு வயது, எனக்கு முப்பத்தெட்டு. ஒரே பெண்ணைச் சுசீந்திரத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். கைக்குழந்தையோடு ஓடிவந்து பத்து நாள் இருந்தாள். குழந்தைக்கு இருமல் வந்ததும் நானே திருப்பி அனுப்பினேன். அப்புறம் வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

வைத்தியம் பார்த்த டாக்டர் ஒரு மலையாளி, சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீடுகளில் டாக்டர் வந்தால் பெண்கள் எதிரே போய் நிற்பதில்லை. கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டும். டாக்டர் வீட்டு ஆண்பிள்ளையிடம் சொல்வார், ஆண்பிள்ளை உள்ளே வந்து நம்மிடம் சொல்வார். எங்கள் வீட்டில் இருந்த ஒரே ஆண்பிள்ளை கட்டிலில் படுத்திருந்தவர்தான். ஆகவே டாக்டர் நோயாளியைப் பற்றி நோயாளியிடமே சொல்லிவிட்டுப் போனார், அதுவும் இங்கிலீஷில். என்னவருக்கோ, இங்கிலீஷ் பேச ஓர் ஆள் கிடைத்துவிட்டால் போதும், வந்த வலியும் மறந்துவிடும். கதவிடுக்கில் நின்றிருந்த எனக்குப் புரிந்தது 'ரெஸ்ட்' என்ற ஒரு வார்த்தைதான். அது மூன்று தடவை வந்தது.

டாக்டர் தெருவில் இறங்கியதும் கட்டிலுக்கு ஓடிப் போய் அவரிடம் கேட்டேன்.

"மூணு மாசம் படுக்கை. படி ஏறப்படாது. பாரம் தூக்கப்படாது. உப்பு குறைச்சல். மூணு வேளை மருந்து. அவ்வளவுதான்" என்றார்.

"அவ்வளவுதானா? அரைமணி நேரமா பேசிண்டிருந்தாரே."

"மீதியெல்லாம் ஊர் வம்பு."

நம்பினேன். இருபத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் அவர் என்னிடம் பொய் சொன்னது கிடையாது. சொன்னாலும் காது சிவந்து காட்டிக் கொடுத்துவிடும். அன்றைக்கு அவர் தலையோடு காதையும் சேர்த்துச் சால்வையால் மூடியிருந்தார். அது ஏன் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அன்று என்னைப் பிடித்துக்கொண்ட பயத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இதற்கு முன்னும் பயந்திருக்கிறேன். பிரசவத்துக்குப் பயந்திருக்கிறேன், வைசூரிக்குப் பயந்திருக்கிறேன். அதெல்லாம் வந்து போகிற பயம். இது வீட்டில் குடியேறிவிட்டது. நான் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து இவர் மூச்சு நின்றுவிடும் என்று எனக்கு எப்படியோ தீர்மானமாகிவிட்டது. கண்ணெதிரே இருக்கிற வரை போகமாட்டார், நான் அடுக்களைக்குப் போனால் போய்விடுவார். இதில் என்ன நியாயம் என்று கேட்டால் பதில் கிடையாது. பெண் ஊருக்குப் போன பிறகு, அம்மிச் சத்தத்தில் அவர் கூப்பிடுவது காதில் விழாமல் போய்விடுமோ என்று அரைப்பதையே நிறுத்தினேன். பத்து நாள் எங்கள் வீட்டில் துவையல் கிடையாது.

எங்கள் வீடு நீளமான வீடு. முன்னால் கூடம், அங்கேதான் அவர் கட்டில். அப்புறம் முற்றம், அதைத் தாண்டி அடுக்களை, கடைசியில் கிணறு. அடுக்களையிலிருந்து பார்த்தால் கூடத்துச் சுவர்தான் தெரியும், கட்டில் தெரியாது. எட்டிப் பார்க்கலாம் என்றால் மடி குறுக்கே நின்றது. காலையில் குளித்து, யார் கையும் படாமல் உயரக் கொடியில் உலர்த்திய புடவையைக் கட்டிக்கொண்டு சமைக்க வேண்டும். சமைத்ததைச் சாமிக்குப் படைக்கிற வரை வேறு யாரையும் எதையும் தொடக்கூடாது. அதுதான் மடி. அவர் படுத்திருந்த பஞ்சு மெத்தை மடிக்கு ஆகாது. அதைத் தொட்டால் திரும்பக் கிணற்றடிக்குப் போய்த் தலையோடு தண்ணீர் விட்டுக்கொள்ள வேண்டும்.

நான் என்ன செய்தேன் என்றால், அரிசியைக் களைந்து போட்டுவிட்டு முற்றத்தில் நின்று எட்டிப் பார்ப்பேன். அங்கிருந்து பார்த்தால் போர்வைதான் தெரியும், மூச்சு தெரியாது. இரண்டு அடி முன்னால் போவேன். அப்போதும் தெரியாது. கடைசியில் கட்டில்வரை போய் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். சூடாகக் காற்று வரும். "இருக்கேண்டி, இருக்கேன்" என்பார் கண்ணைத் திறக்காமல். உடனே கிணற்றடி, தண்ணீர், வேறு புடவை. ஒரு காலையில் நாலு தடவை குளித்தேன். அது துலா மாதம், நம் ஐப்பசி, விடாத மழை. கொடியில் ஒரு புடவையும் காயவில்லை. ஈரப் புடவையோடு நின்று சமைத்து, ஐந்தாம் நாள் நூற்று மூன்று டிகிரி ஜுரத்தில் விழுந்தேன். மூன்று நாள் அடுத்த வீட்டு மாமிதான் எங்கள் இருவருக்கும் கஞ்சி கொண்டுவந்தாள். படி ஏறக்கூடாத மனிதர், பாரம் தூக்கக்கூடாத மனிதர், கட்டிலை விட்டு எழுந்து வந்து என் நெற்றியில் ஈரத்துணி போட்டார்.

ஜுரம் விட்ட அன்று அவர்தான் பேச்சை எடுத்தார்.

"நீ இப்படிக் குளிச்சிண்டே இருந்தா, எனக்கு முன்னாடி நீ போய்ச் சேர்ந்துடுவே. அப்புறம் எனக்கு யாரு கஞ்சி வெப்பா?"

"நான் என்ன செய்யட்டும், சொல்லுங்கோ. அங்க நின்னா கையும் ஓடலை, காலும் ஓடலை."

"நான் ஒரு வழி சொல்றேன். நீ அடுக்களைல இருக்கற வரைக்கும் நான் இங்க படுத்துண்டு வாயால ஏதானும் சொல்லிண்டே இருக்கேன். சத்தம் கேட்டா ஆள் இருக்கேன்னு அர்த்தம். நீ உன்பாட்டுக்குச் சமை."

எனக்குப் பிடித்துப் போயிற்று. "அப்போ நாமஜபமாப் பண்ணுங்கோ. புண்ணியமும் ஆச்சு" என்றேன்.

"நாலு நாமத்துக்கு மேல எனக்கு ஓர்மையில்லை. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன், நீ கேளு."

மறுநாள் காலை நான் அடுப்பை மூட்டி உலை வைத்தேன். கூடத்திலிருந்து கணீரென்று கேட்டது. "தோவாளை... அகஸ்தீசுவரம்... கல்குளம்... விளவங்கோடு..."

திருவிதாங்கூர் ராஜ்யத்தின் தாலுகாக்கள். தெற்குக் கோடியிலிருந்து வடக்கு நோக்கி, வரிப்பேரேட்டில் எந்த வரிசையில் எழுதுவாரோ அதே வரிசையில் சொன்னார். இருபது வருஷத்துக்கு மேல் அதை எழுதின கை. நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம், நெடுமங்காடு, சிறையின்கீழ் என்று ஏறி, கொல்லம் கடந்து, அம்பலப்புழை, சேர்த்தலை, வைக்கம் என்று காயல் ஓரமாகப் போய், கிழக்கே மலையில் பீர்மேடு, தேவிகுளத்தில் கொண்டு நிறுத்துவார். கொஞ்சம் இளைப்பாறிவிட்டு மறுபடி தோவாளை.

நான் அடுக்களையில் தனியாக நின்று சிரித்தேன். அவர் விழுந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன். இந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அந்தக் கல்குளம் விளவங்கோட்டைக் கேட்டுக்கொண்டு நின்றபோதுதான் தெரிந்தது. அதுவரை அதை நினைத்துப் பார்க்க நேரம் கிடைத்ததில்லை.

இரண்டு நாளில் சமையலே தாலுகாக் கணக்கில் நடக்க ஆரம்பித்தது. நெடுமங்காட்டில் அரிசியைப் போட்டால் ஏழாம் சுற்றுக் கொட்டாரக்கரையில் சாதம் வெந்திருக்கும். குழம்பு கொதிக்க மாவேலிக்கரையிலிருந்து நாலாம் சுற்றுக் கோட்டயம்வரை போதும். அடுத்த வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே சுவர். மாமி கொல்லைப்புறம் வந்து கேட்டாள்.

"உங்காத்து மாமா என்ன மந்திரமாக்கும் சொல்றார்? முதல்ல எனக்கு ஒண்ணும் புரியலை கேட்டியா. கொல்லம் வந்தப்பறம்தான் புரிஞ்சுது."

"அவருக்குத் தெரிஞ்ச மந்திரம் அதான் மாமி."

"நன்னாருக்கு. ஆனா நேத்திக்கு சேர்த்தலையை விட்டுட்டார். சொல்லிடு."

மூன்று வாரம் இப்படிப் போயிற்று. அந்த மூன்று வாரம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அம்மியை மறுபடி எடுத்தேன். சத்தம் நடுவில் நின்றால் எனக்குக் கோபம்கூட வந்தது. அடுக்களையிலிருந்தே, "ஏன்னா, மீனச்சில் ஆச்சே, அப்புறம்?" என்று குரல் கொடுப்பேன். கொஞ்ச நேரம் கழித்து அடுத்த பெயர் வரும். மலைத் தாலுகாக்கள் வரும்போது அவர் பெயருக்குப் பெயர் நிறுத்தி நிறுத்திச் சொல்லுவார். மலை ஏறுகிற மாதிரி விளையாடுகிறார் என்று நினைத்தேன். மூச்சு வாங்குகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் அவர் தேறவில்லை. கணுக்காலில் வீக்கம் கண்டது. கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. டாக்டர் மருந்தை மாற்றினார். இங்கிலீஷில் ஏதோ கேட்டார், இவர் இல்லை இல்லை என்று தலையாட்டினார். அடுத்த வாரம் வீக்கம் முழங்கால்வரை ஏறியது. எனக்குப் பழைய பயம் திரும்பி வந்தது. அதற்கு நான் கண்டுபிடித்த மருந்து, அவரை இன்னும் கொஞ்சம் பலமாகச் சொல்லச் சொன்னது.

அப்படியிருக்கும்போது ஒரு காலை, ஓட்டுக் கூரையே உடைகிற மாதிரி மழை. அடுக்களையில் ஒன்றும் கேட்கவில்லை. "கேக்கலையே" என்று கத்தினேன். அவரும் கத்த ஆரம்பித்தார். "கார்த்திகப்பள்ளி! மாவேலிக்கரை! திருவல்லா!" என்று மழைக்கு மேலே அவர் குரல் வந்தது. நானும் நிம்மதியாகப் புளியைக் கரைத்தேன். திருவல்லாவுக்கு அப்புறம் சத்தம் நின்றுவிட்டது. வேறொரு குரல் கேட்டது.

கரண்டியை வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்தேன். டாக்டர் வழக்கமாகச் சாயங்காலம் வருகிறவர், அன்று காலையிலேயே வந்துவிட்டார். குடையை மடக்கக்கூட இல்லாமல் கூடத்து நடுவில் நின்றுகொண்டிருந்தார், குடையிலிருந்து தரையெல்லாம் தண்ணீர். என்னைப் பார்த்தார். முறைப்படி நான் கதவுக்குப் பின்னால் போயிருக்க வேண்டும். கால் நகரவில்லை. அவரும் முறையைப் பார்க்கவில்லை. முதல் தடவையாக என்னிடம் நேராகப் பேசினார், மலையாளமும் தமிழும் கலந்து.

"அம்மா, முதல் நாளே நான் தெளிவாப் பறஞ்சேன். இவர் மிண்டக்கூடாது. ஒரு மாசத்துக்கு வாயே திறக்கக்கூடாது. ரெஸ்ட்னு சொன்னது கைகாலுக்கு மாத்திரமில்லை, தொண்டைக்கும் நெஞ்சுக்கும் சேர்த்துதான். மருந்து ஏன் பிடிக்கலைன்னு நான் ராத்திரி பூரா புஸ்தகம் பார்க்கறேன், இவர் இங்க கூரை பொளியறாப்பல கத்திண்டு கிடக்கார். இன்னும் ஒரு மாசம் இப்படிப் போனா, பின்னே நான் இங்க வரவேண்டிய ஆவசியம் இருக்காது."

நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சால்வை விலகியிருந்தது. காது செம்பருத்தியாகச் சிவந்திருந்தது.

டாக்டர் போன பிறகு கட்டிலில், அந்த மெத்தையிலேயே, மடிப் புடவையோடு உட்கார்ந்தேன். அடுப்பில் குழம்பு தீய்கிற வாடை வந்தது. எழுந்திருக்கவில்லை.

"தெரிஞ்சுமா இப்படிப் பண்ணினேள்?" என்றேன்.

மெதுவாகச் சொன்னார். "நான் பேசாம கிடந்தா நீ பயப்படறே. தண்ணிய விட்டுண்டு ஜுரத்துல விழறே. நான் பேசினா எனக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கறது, அவ்வளவுதான். ரெண்டுல எது சுலபம்னு பார்த்தேன்."

அழுதேன். அவரைத் திட்டவும் செய்தேன். என்னென்ன சொன்னேன் என்று முழுக்க நினைவில்லை, மடையன் என்ற வார்த்தை இருந்தது. கட்டின புருஷனை அப்படிச் சொன்னதற்கு இன்றுவரை நான் வருத்தப்படவில்லை. பயந்தவள் நான், பயத்துக்கு அவர் மூச்சை எடுத்துச் செலவழித்தவளும் நான். அதற்குத்தான் இன்றும் வருத்தப்படுகிறேன்.

அன்றே மடியை விட்டேன். சாமி அலமாரி முன்னால் நின்று, "இவர் எழுந்திருக்கற வரைக்கும் உனக்குப் பாலும் பழமும்தான். சமைச்சது கிடையாது. கோபமானா என் மேல காட்டு" என்று சொல்லிவிட்டேன். இரும்புக் குமுட்டி அடுப்பைத் தூக்கிக் கூடத்துக்குக் கொண்டுவந்து, கட்டிலுக்கு நாலு முழம் தள்ளி வைத்துச் சமைக்க ஆரம்பித்தேன். வலியசாலையில் கூடத்தில் யாரும் சமைத்து நான் கேள்விப்பட்டதில்லை. மாமி வந்து பார்த்து வாயில் கையை வைத்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, "கரி நல்ல கரியாப் பார்த்து வாங்கு, புகையாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பேச்சு நின்றதும் அவருக்கு ஒரு சிலேட்டு கொடுத்தேன், பெண் சின்னவளாக இருந்தபோது எழுதினது. அதிலும் அவர் கச்சேரியை விடவில்லை. 'காப்பி சம்பந்தமாக: காலை முதல் நிலுவையில் உள்ளது. உடனே ஆவன செய்யவும்' என்று எழுதிக் காட்டுவார். நான் ஏறிட்டுப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று, 'இருக்கேன்' என்று கொட்டை எழுத்தில் எழுதிச் சிலேட்டை நெஞ்சின்மேல் நிறுத்திக்கொண்டார். எனக்கு அது போதவில்லை. "செத்தவா மேலேயும் சிலேட்டு நிக்கும்" என்றேன். அவர் உடம்பு குலுங்கச் சிரித்தார், சத்தமில்லாமல். அதற்கப்புறம் நான் பார்க்கும்போதெல்லாம் வலது கை ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினார். அரிசி களையும்போது பார்ப்பேன், விரல் எழும். கரண்டியால் கிளறும்போது பார்ப்பேன், எழும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவாறே பார்ப்பேன், கண் மூடியிருக்கும், ஆனாலும் விரல் எழும்.

பத்து நாள் கழித்து டாக்டர் வந்தார். வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்தது. ஆனால் நாடியைப் பிடித்தவர் முகம் தெளியவில்லை. கூடத்து அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இப்போது என்னிடமே பேசுகிற பழக்கம் வந்துவிட்டது அவருக்கு.

"இவர் பகல்ல உறங்கறதுண்டோ?"

"கண்ணை மூடிண்டுதான் இருக்கார்."

"கண்ணை மூடறது உறக்கமில்லை." அவர் பேசிக்கொண்டிருந்தபோதே நான் பழக்க தோஷத்தில் கட்டில் பக்கம் பார்த்தேன். விரல் எழுந்தது. டாக்டர் அதைக் கவனித்தார். என்ன அது என்று கேட்டார். சொன்னேன்.

"அப்போ இவர் எப்படி உறங்குவார், அம்மா? நீங்க எப்போ பார்ப்பேளோன்னு நோக்கிண்டு கிடக்கார். பேச்சு நின்னுது, காவல் நிக்கலை. இந்த நெஞ்சுக்கு இனிமே நான் தரற மருந்தைவிட உறக்கம்தான் பெரிசு. இந்த அடுப்பைத் திரும்ப உள்ள கொண்டு போங்கோ. ஒரு நாளைக்கு நாலு தடவை பார்த்தா மதி, அது போதும். காலைல, மத்தியானம் ஊணுக்கு, விளக்கு வெக்கறப்போ, படுக்கறப்போ. நடுவில பார்க்கக்கூடாது."

பேசாமல் இருக்கச் சொன்னது அவருக்கு. பார்க்காமல் இருக்கச் சொன்னது எனக்கு. அவருக்குப் பாவம் பார்த்து டாக்டர் அன்று ஒரு சலுகை கொடுத்தார், நாளைக்குப் பத்து வார்த்தை பேசலாம் என்று. எனக்குச் சலுகை ஒன்றும் இல்லை.

அடுப்பைத் திரும்ப அடுக்களைக்குத் தூக்கினேன். முதல் நாள் ஒரு மணி நேரத்தில் ஏழு தடவை முற்றம்வரை போய்த் திரும்பினேன். கூடத்தில் சத்தம் இல்லாத ஒவ்வொரு நிமிஷமும் அவர் போய்விட்டார் என்றே எனக்குத் தோன்றியது. இரண்டாம் நாள் கிணற்றடிக்குப் போய்க் கிணற்றுச் சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். கையை விட்டால் கால் தன்னால் கூடத்துக்குப் போய்விடும் என்று இருந்தது. அப்படி நின்றபோது ஒன்று கண்டேன். பயம் பால் மாதிரி பொங்கி மேலே வருகிறது, ஆனால் நாம் ஓடிப் போய்ப் பார்க்காவிட்டாலும் அது தானே அடங்குகிறது. அடங்கி, மறுபடி பொங்கும். மறுபடி அடங்கும். அதுவரை நான் பார்த்துவிட்டு வந்ததால்தான் அடங்குகிறது என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் கைக்கு வேலை கொடுத்தேன். ஒரே படி அரிசியை மூன்று தடவை கல் பொறுக்கினேன். கொல்லையில் கீரை விதைத்தேன். வெண்கலப் பாத்திரம் பூராவும் புளி போட்டுத் தேய்த்தேன். சில நாள் தோற்றுப்போய் எட்டிப் பார்த்துவிடுவேன், விரல் எழும், எனக்கு அவமானமாக இருக்கும். நான் பார்க்காத நாளிலும் அவர் விழித்துக்கொண்டேதான் கிடந்தார் என்று மத்தியானம் கஞ்சி கொண்டுபோகும்போது கண்ணைப் பார்த்தாலே தெரியும். நான் வருவேன் என்று அவருக்கு அவ்வளவு உறுதி.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள். மழை விட்டு வெயில் அடித்திருந்தது. மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டு அவர் படுத்தார். நான் கொல்லைக்குப் போய்க் கீரைப் பாத்தியில் உட்கார்ந்தேன். பயம் வந்தது, பொங்கியது, இரண்டு மூன்று தடவை. களையைப் பிடுங்கிக்கொண்டே இருந்தேன். அப்புறம் எப்போது அது வராமல் நின்றது என்று கவனிக்கவில்லை. நிழல் கிணற்றுக்கு இந்தப் பக்கம் வந்திருந்தது. அடுத்த வீட்டு மாமி கொல்லை வழியாக வந்தாள், கையில் ஒரு சீப்பு மட்டிப்பழம்.

"மாமா எப்படி இருக்கார்?"

"தூங்கறார்."

"போய்ப் பார்த்துட்டு வந்தியா?"

"இல்லை மாமி. பார்க்கலை. தூங்கறார்."

மாமி என் முகத்தையே பார்த்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்து அவளும் களை எடுத்தாள். இரண்டு பேரும் அவள் நாட்டுப்பெண் வைக்கும் ரசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

விளக்கு வைக்கிற நேரத்தில் குத்துவிளக்கை ஏற்றி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அவர் விழித்திருந்தார். கன்னத்தில் தலையணைத் தையல் பதிந்திருந்தது, கண் ஓரத்தில் பீளை. நெடுநேரம் தூங்கி எழுந்த முகம். சிலேட்டை எடுக்கவில்லை.

"மணி என்ன?"

"ஆறாகப் போறது."

"மத்தியானம் நீ எட்டிப் பார்க்கவே இல்லையா?"

"இல்லை."

"ஒரு தடவைகூட?"

"ஒரு தடவைகூட இல்லை."

கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் பார்த்தார், சத்தியமாகச் சொல்கிறேன். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் பொழைப்பேனா மாட்டேனான்னு டாக்டரை ஒரு நாளும் கேட்டதில்லை. கேக்கத் தைரியமில்லை. உன் மூஞ்சியைத்தான் பார்த்துண்டிருந்தேன். நீ ஓடி ஓடி வரச்சே, சரி, இன்னிக்குப் போயிடுவேன் போலிருக்குன்னு நெனச்சுப்பேன். இன்னிக்குக் காத்துண்டே இருந்தேன், நீ வரலை. அப்போ நான் பொழைச்சுட்டேண்டீன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் தூக்கம் வந்துடுத்து."

பத்து வார்த்தைக் கணக்கு எப்போதோ தாண்டிவிட்டது. நான் தடுக்கவில்லை. விளக்கைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பயமில்லாமல், அவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.